ஊருக்கு வந்த பிறகும் உடம்பு ஏன் ஓயவில்லை?

முகாமில் இருந்த காலத்தில்கூட இப்படி இருந்ததில்லை. சொந்தக் காணிக்கு வந்து, பற்றை வெட்டி, கொட்டில் போட்டு, கிணறு இறைத்து, இனி நிம்மதி என்று நினைத்த பிறகுதான் நித்திரை குழம்பியது, தலையிடி தொடங்கியது, நாரி நோகிறது, காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கிறது. மீள்குடியேறிய குடும்பங்களில் இப்படிச் சொல்பவர்கள் பலர். வைத்தியசாலைக்குப் போனால் பரிசோதித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்கிறார்கள். வீட்டில் "சும்மா யோசிக்காதை" என்கிறார்கள். வருத்தம் மட்டும் போகவில்லை.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல, நடிப்பும் அல்ல. நீண்ட காலம் ஆபத்துக்குள் வாழ்ந்த உடம்பு, அந்த ஆபத்து முடிந்த பிறகும் தன்னை இறக்கி வைக்கத் தெரியாமல் இருக்கிறது. அது ஏன் அப்படி நடக்கிறது, அதற்கு என்ன செய்யலாம், எப்போது வைத்தியரிடம் போக வேண்டும் என்பவற்றை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆபத்து வந்தால் உடம்பு என்ன செய்கிறது?

கிபிர் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் பாய்ந்ததை நினைத்துப் பாருங்கள். பாய வேண்டும் என்று யோசித்து நீங்கள் பாயவில்லை. மூளையின் உட்பகுதியில் ஆபத்தைக் கண்காணிக்கும் சிறிய பகுதி ஒன்று இருக்கிறது. சத்தம் என்னவென்று நீங்கள் விளங்கிக்கொள்ள முன்னரே அது உடம்புக்கு அறிவித்துவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சுரப்பிகள் அதிரினலின், கோர்ட்டிசோல் என்ற சுரப்புகளை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது. ஓடுவதற்குச் சக்தி வேண்டும் என்பதால் ஈரல் சீனியை இரத்தத்துக்கு அனுப்புகிறது. தசைகள் இறுகுகின்றன. அந்த நேரத்துக்குத் தேவையில்லாத சமிபாடு குறைகிறது, பசி போகிறது, நித்திரை கலைகிறது.

இது நோய் அல்ல. இதுதான் உங்களை உயிரோடு வைத்திருந்தது. ஆபத்து நீங்கியதும் சிறிது நேரத்தில் இதயம் அமைதியாகி, பசி திரும்பி, நித்திரை வருவதுதான் இயற்கை. ஒரு செல் விழுந்து, அடுத்த செல் விழுவதற்கிடையில் அதற்கு நேரம் கிடைக்காவிட்டால்? ஒரு இடப்பெயர்வு முடிய முன்னர் அடுத்தது வந்தால்? அப்போது உடம்பு எந்நேரமும் தயார் நிலையிலேயே இருக்கப் பழகிவிடுகிறது.

எங்கள் பகுதிகளில் பலருடைய வாழ்க்கை இப்படித்தான் போயிருக்கிறது. 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோது 20 வயதாக இருந்தவருக்கு, 2017 யூலையில் மயிலிட்டியில் காணி விடுவிக்கப்பட்டபோது 47 வயது. இளமை முழுவதும் நலன்புரி நிலையத்திலும் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் போய்விட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தன. 1995இல் வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் பலர் வன்னிக்குப் போய், 2004 டிசெம்பர் 26இல் கடலுக்கு உறவுகளைப் பறிகொடுத்து, 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. இவற்றில் எதுவும் ஒரு நாளில் வந்து போன அதிர்ச்சி அல்ல. ஆண்டுக்கணக்காக நீண்ட நெருக்கீடு.

நீண்ட கால நெருக்கீடு உடம்பில் என்ன செய்கிறது?

தண்ணீர் இறைக்கும் மோட்டரை இரவு பகலாக நிறுத்தாமல் ஓடவிட்டால் அது உடனே எரிந்துவிடாது. ஆனால் தேய்ந்துகொண்டே இருக்கும். ஓய்வில்லாத உடம்புக்கும் இதுவே நடக்கிறது. பின்வருவன அதிகமாகக் காணப்படுபவை:

• இரத்த அழுத்தம் (பிறஷர்) கூடுகிறது. இதற்குப் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருக்காது. அளந்து பார்த்தால் மட்டுமே தெரியும்.
• இரத்தத்தில் சீனி கூடுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்கிறது. ஏற்கெனவே சலரோகம் உள்ளவருக்கு அதைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது.
• இறுகிய தசைகள் தளராததால் பின்கழுத்து, தோள், நாரி நோகிறது. தலையிடி வருகிறது.
• சமிபாடு குழம்பி வயிற்றெரிவு, வயிற்றுப் பொருமல், அடிக்கடி வயிற்றோட்டம் ஏற்படுகிறது.
• நித்திரை வர நேரமெடுக்கிறது. வந்தாலும் நடுச்சாமத்தில் கலைகிறது. கெட்ட கனவுகள் வருகின்றன.
• மறதி, கவனக்குறைவு, சிறிய விடயத்துக்கும் கோபம், எதிலும் பிடிப்பின்மை உண்டாகின்றன.
• நோய் எதிர்ப்புச் சக்தி குறைவதால் தடிமன், காய்ச்சல் போன்றவை அடிக்கடி வரலாம்.

பிறஷருக்கும் சலரோகத்துக்கும் பரம்பரை, வயது, உணவு, புகைத்தல், உடலுழைப்புக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் போரின் மேல் சுமத்த முடியாது. ஆனால் நீண்ட கால நெருக்கீடு இவற்றோடு சேரும்போது வருத்தம் நேரத்துக்கு முன்னரே வருகிறது, வந்தால் கூடுதலாகப் பாதிக்கிறது. ஆகவே நீங்கள் நாற்பது வயதில் இருந்தாலும் "எனக்கு இன்னும் அந்த வயது வரவில்லை" என்று பிறஷர் பார்க்காமல் விடாதீர்கள்.

வைத்தியர் "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் அதன் பொருள், பரிசோதித்த உறுப்பில் பழுது காணப்படவில்லை என்பதுதான். உங்களுக்கு வலி இல்லை என்பது அல்ல. மனதில் உள்ள பாரம் உடல் வலியாக வெளிப்படுவது எங்கள் சமூகத்தில் மிகச் சாதாரணம். "எனக்குக் கவலை" என்று சொல்லத் தயங்குபவர் "எனக்கு நெஞ்சு நோகுது" என்று சொல்வார். அந்த நெஞ்சு நோ அவருக்கு உண்மையாகவே நோகிறது.

முகாமில் வராதது இப்போது ஏன் வருகிறது?

பலரைக் குழப்பும் கேள்வி இது. இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது காலில் குத்திய முள் தெரிவதில்லை. நின்ற பிறகுதான் தெரியும். உயிர் பிழைப்பது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுப்பது, வரிசையில் நிற்பது என்று நாள் ஓடிய காலத்தில் துக்கப்படவும் நேரம் இருக்கவில்லை. சற்று அமைதி கிடைத்தவுடன், தள்ளி வைத்திருந்தவை எல்லாம் மேலே வருகின்றன.

இரண்டாவது, திரும்பி வந்த இடமே நினைவுகள் நிறைந்தது. இடிந்த சுவர், தலையறுந்த பனை, இல்லாமற்போன அயல் வீடு, பெயர் தெரிந்த ஒவ்வொரு ஒழுங்கையும் ஒருவரை நினைவூட்டுகிறது. கோயில் திருவிழா வெடி, தாழப் பறக்கும் ஹெலிகொப்டர், வண்டுச் சத்தம் போல இரையும் ஏதாவது ஒரு இயந்திரம் போதும், உடம்பு பழைய நிலைக்குப் போய்விடுகிறது. மே மாதம் நெருங்கும்போதும், டிசெம்பர் 26 வரும்போதும், இறந்தவரின் திதி வரும்போதும் நித்திரை குழம்புவது இதனால்தான். நாட்காட்டியைப் பார்க்காவிட்டாலும் உடம்பு அந்த நாட்களை ஞாபகம் வைத்திருக்கிறது.

மூன்றாவது, வீடு திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்காக நம்பியிருந்தீர்கள். திரும்பி வந்து பார்த்தபோது விட்டுப் போன ஊர் அங்கே இல்லை. முகாமில் பக்கத்துக் கொட்டிலில் ஆள் இருந்தது. இங்கே இரண்டு காணி தாண்டித்தான் ஒரு வெளிச்சம். இந்த ஏமாற்றமும் ஒரு இழப்புத்தான். அதற்காகத் துக்கப்படுவது நன்றிகெட்ட தனம் அல்ல.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். எல்லாப் பயமும் வருத்தம் அல்ல. துப்புரவு செய்யப்படாத காணிக்குள் போகப் பயப்படுவது, இனந்தெரியாத இரும்புத் துண்டைத் தொடாமல் விடுவது சரியான பயம். அதைக் கைவிட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கு அல்லது பொலிசுக்கு அறிவியுங்கள்.

நீங்கள் மட்டும் அல்ல

போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வளர்ந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 7 பேரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களிடம் இவை கூடுதலாக இருந்தன. உங்கள் ஒழுங்கையில் பத்து வீடுகள் இருந்தால், சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒருவராவது அவற்றில் சிலவற்றில் இருப்பார்.

அதே எண்களை மறுபக்கமாகவும் படியுங்கள். இவ்வளவு நடந்தும் பெரும்பாலானவர்களிடம் மனவடு நோயின் அறிகுறிகள் இருக்கவில்லை. மனிதருக்குத் தாங்கும் சக்தி உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தாங்க முடியாதவர்கள் என்பதும் இதன் பொருள் அல்ல. ஒருவர் எவ்வளவு பார்த்தார், எவ்வளவு இழந்தார், பிறகு அவருக்கு யார் துணை இருந்தார்கள் என்பவை ஆளுக்கு ஆள் வேறுபடும்.

நேற்றைய போரும் இன்றைய சுமையும்

புத்தளத்தில் நீண்ட காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு முக்கியமான ஒன்றைக் காட்டியது. இடம்பெயர்ந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதகளிப்பு போன்ற பொதுவான உளநலப் பிரச்சினை இருந்தது. மனவடு நோய் இருந்தவர்களோ 100 பேரில் இரண்டு மூன்று பேர்தான். வேலையில்லாதவர்கள், துணையை இழந்தவர்கள் அல்லது பிரிந்தவர்கள், சாப்பாட்டுக்குக் கஷ்டப்படுபவர்கள் ஆகியோரிடமே பிரச்சினை கூடுதலாக இருந்தது.

அதாவது, போரில் நடந்தது மட்டும் உடம்பை வருத்துவதில்லை. இன்று நடப்பதும் வருத்துகிறது. வீட்டுத்திட்டத்தில் பெயர் வராதது, அரைகுறையாக நிற்கும் சுவர், காணிப் பத்திரம் இல்லாதது, வாராவாரம் கட்ட வேண்டிய நுண்கடன், கடன் சேகரிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம், தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணைப் பற்றி ஊர் பேசும் கதை, இவை எல்லாம் அதே அபாய நிலையைத்தான் உடம்பில் உண்டாக்குகின்றன. பழைய காயத்தின் மேல் புதிய பாரம் ஏறும்போதுதான் பலர் விழுகிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நேற்று நடந்ததை எவராலும் மாற்ற முடியாது. இன்றைய பாரத்தில் ஒரு பகுதியையாவது இறக்கலாம். கடன் பிரச்சினையைத் தனியே சுமக்காமல் மாதர் சங்கத்தில் அல்லது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கதைப்பது, காணி ஆவணத்துக்கு இலவச சட்ட உதவி கேட்பது, பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எடுக்காமல் இருப்பது ஆகியவை வெறும் பொருளாதார விடயங்கள் அல்ல. அவை உங்கள் பிறஷருக்கும் நித்திரைக்கும் உரிய மருந்துகளும்தான்.

காணாமற்போனவருக்காகக் காத்திருப்பவர்களுக்கு

இறந்தவருக்குச் செய்வதற்கு எங்களிடம் சடங்கு உண்டு. எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத்திதி என்று துக்கத்துக்கும் ஒரு வழி உண்டு. நாற்பதாம் நாள் பூசை, கத்தம் என்று மற்றச் சமயத்தவருக்கும் அப்படியே. வருவார் என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் இருப்பவர்களுக்கு அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. பொட்டு வைப்பதா விடுவதா என்பது கூட ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி.

இந்த நிலையில் துக்கம் முடியாமல் நீள்வது உங்கள் குறை அல்ல. "இனி மறந்துவிடு" என்று எவரும் உங்களை வற்புறுத்தக் கூடாது. அதேநேரம், காத்திருப்பதும் வாழ்வதும் ஒன்றாக நடக்கலாம். நீங்கள் ஒரு நாள் சிரித்தால், நல்ல சேலை உடுத்தால், பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடினால், அவரைக் கைவிட்டதாகிவிடாது. ஒரே நிலையில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து கதைப்பதும், கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ அவருக்காகப் பிரார்த்திப்பதும் பலருக்கு ஆறுதல் தந்திருக்கின்றன.

மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் கொடுக்காதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். காணாமற்போனவரை இறந்தவராகப் பதியாமல், காணாமற்போனவராகவே பதிந்து சான்றிதழ் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் இடம் இருக்கிறது. விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பிள்ளைகளைக் கவனியுங்கள்

"அவன் அப்ப சின்னப்பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று நினைப்போம். சொல்லத் தெரியாத வயதில் பட்டதும் பிள்ளையில் தங்கும். படுக்கையில் சலம் போவது, தாயை விட்டு நகராமல் இருப்பது, படிப்பில் கவனமில்லாமை, எதற்கெடுத்தாலும் அடிதடி, அல்லது அளவுக்கு மீறிய அமைதி ஆகியவை பிள்ளையின் மொழி. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும், வீட்டில் பெரியவர்கள் சுமக்கும் பயத்தையும் கோபத்தையும் பார்த்தே வளர்கிறார்கள்.

வடகிழக்கில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்ட ஆய்வொன்று, வீட்டில் நடக்கும் வன்முறை போர் அனுபவத்தோடும் தந்தையின் குடிப்பழக்கத்தோடும் சேர்ந்தே இருப்பதைக் காட்டியது. போர் வெளியே முடிந்தாலும் வீட்டுக்குள் தொடரலாம். அதை நிறுத்துவது எங்கள் கையில் இருக்கிறது. பிள்ளையை அடிக்காமல், நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை, ஒழுங்காகப் பாடசாலை, பின்னேரத்தில் விளையாட்டு என்று ஒரு முறை இருந்தால், பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே தேறுவார்கள். பிள்ளை கேட்டால் நடந்ததை வயதுக்கு ஏற்றபடி உண்மையாகச் சொல்லுங்கள். மூடி வைத்த கதையைப் பிள்ளை தன் கற்பனையால் இன்னும் பயங்கரமாக நிரப்பிக்கொள்ளும்.

நீங்கள் இன்றே தொடங்கக்கூடியவை

மனத்துணிவு சிலருக்குப் பிறவியில் வருவது, சிலருக்கு இல்லாதது என்று நினைக்க வேண்டாம். மீண்டெழுந்தவர்களைப் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் சாதாரணமான சில விடயங்கள் இருக்கும். நம்பிக் கதைக்க ஒரு ஆள், எழும்பினால் செய்ய ஒரு வேலை, கூடிப் போக ஓர் இடம், நம்புவதற்கு ஏதோ ஒன்று. இவற்றை மெல்ல மெல்லக் கட்டி எழுப்பலாம்.

• நேரம் வையுங்கள். ஒரே நேரத்தில் எழும்பி, ஒரே நேரத்தில் படுங்கள். இரவு நித்திரை வராவிட்டாலும் பகலில் நீண்ட நேரம் படுக்க வேண்டாம். பின்னேரத்துக்குப் பிறகு தேநீரையும் கோப்பியையும் குறையுங்கள்.

• மூச்சை ஆறுதலாக விடுங்கள். நெஞ்சு படபடக்கும்போது இருந்துகொண்டு, நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். பத்துத் தடவை செய்யுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயம் ஆறுகிறது. ஓம் சொல்பவர்கள், செபமாலை உருட்டுபவர்கள், திக்ர் செய்பவர்கள் அதையே மூச்சோடு சேர்த்துச் செய்யலாம்.

• இப்போது இருக்கும் இடத்துக்கு வாருங்கள். பழைய காட்சி கண்ணுக்கு முன் வந்தால், சுற்றிப் பார்த்து ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள்: வேலி, கிணற்றுக்கட்டு, பூவரசு, வாளி, கோழி. நிலத்தில் பாதத்தை அழுத்துங்கள், முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். "இது பழைய நினைவு. நான் இப்போது என் வீட்டு முற்றத்தில் நிற்கிறேன்" என்று உங்களுக்கே சொல்லுங்கள்.

• உடம்பை அசையுங்கள். தோட்டம் கொத்துவது, நடப்பது, வலை பொத்துவது, சைக்கிள் ஓடுவது எதுவானாலும் சரி. ஓடுவதற்காக உடம்பு சேர்த்து வைத்த சக்தி வேலையில் கரையும்.

• கதையுங்கள். எல்லோரிடமும் அல்ல, நம்பிக்கையான ஒருவரிடம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல விருப்பமில்லாவிட்டால் வற்புறுத்திச் சொல்ல வைப்பதும் நல்லதல்ல.

• கேட்பவராக இருந்தால் அறிவுரை சொல்ல அவசரப்படாதீர்கள். "அதைவிட மோசமாகப் பட்டவர்களும் இருக்கிறார்கள்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் இருந்து கேட்டாலே போதும்.

• கூடுங்கள். வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கோயில் திருவிழா எதையாவது மீண்டும் தொடங்குங்கள். ஊர் கூடினால் பலருடைய வருத்தம் பாதியாகும்.

இவற்றில் அவதானம்

கசிப்பும் சாராயமும் படுத்தவுடன் நித்திரை தருவது போல இருக்கும். ஆனால் நடுச்சாமத்தில் நித்திரையைக் கலைக்கும், அடுத்த நாள் பயத்தையும் சோர்வையும் கூட்டும், வீட்டில் சண்டையைக் கொண்டுவரும். வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்காகப் போட்டால் வயிறும் சிறுநீரகமும் பழுதாகலாம். வேறொருவருக்குக் கொடுத்த நித்திரைக் குளிசையை வாங்கிப் போட வேண்டாம். பிறஷர், சலரோகம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குத் தந்த மருந்தை "இப்ப சுகம்தானே" என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தைத் தொடர்ந்து எடுப்பதால்தான் பல வேளைகளில் அந்தச் சுகம் இருக்கிறது.

எப்போது, எங்கே போவது?

நித்திரையின்மை, கவலை, படபடப்பு, வலி ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து, வேலையையோ சாப்பாட்டையோ பிள்ளைகளைப் பார்ப்பதையோ குழப்பினால் வைத்தியரிடம் போங்கள். அருகில் உள்ள அரச வைத்தியசாலையில் தொடங்கலாம். அங்கிருந்து உளநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலச் சேவை உண்டு. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. உளநலக் கிளினிக்குக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கினால், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் கதையுங்கள். பேறுகாலத்துக்கு மட்டுமல்ல, இதற்கும் அவரிடம் உதவி கேட்கலாம்.

வைத்தியரிடம் போகும்போது உடல் வலியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். நித்திரை எப்படி, எத்தனை தடவை இடம்பெயர்ந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்பதையும் இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். வைத்தியர் சரியாகக் கணிப்பதற்கு அது உதவும். உடம்பில் செல் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. போன்ற பரிசோதனை செய்ய முன்னர் அது தெரிந்திருக்க வேண்டும்.

இவை நடந்தால் தாமதிக்க வேண்டாம்:

• நெஞ்சு நோவோடு வியர்வை, மூச்சு முட்டல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி. "எனக்கு வழமையாக வரும் படபடப்புத்தானே" என்று வீட்டில் இருக்காதீர்கள்.
• முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறுதல்.
• சாக வேண்டும் என்ற எண்ணம், அதற்கான ஆயத்தம். இப்படிக் கதைப்பவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிநாசினியை எடுத்து அப்புறப்படுத்துங்கள். "சாக யோசிக்கிறீங்களா?" என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேட்டால் அவருக்கு ஒரு வழி திறக்கும்.

அம்புலன்ஸ் (சுவசெரிய): 1990
தேசிய உளநல உதவி இலக்கம்: 1926
சிறுவர் உதவி இலக்கம்: 1929
பெண்கள் உதவி இலக்கம்: 1938

காணிக்கு வந்தவுடன் செய்ய வேண்டியவை என்று இந்தக் கையேட்டில் ஒரு பட்டியல் இருக்கிறது: கிராம அலுவலரிடம் பதிவு, கிணறு துப்புரவு, மலசலகூடம், பாடசாலை அனுமதி. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டில் 35 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பிறஷரும் சீனியும் பார்ப்பது. அன்றைக்கே வைத்தியரிடம் "எனக்கு நித்திரை இல்லை" என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.